25,060 கோடியில் மாமல்லபுரத்து உளிக்கு என்ன பங்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

சில நாட்களாக நம் பழைய மாணவர் குழுவிலும் குடும்பக் குழுவிலும் இரண்டு விதமான செய்திகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, "ஏற்றுமதிக்கு 25,060 கோடி! அமெரிக்க வரிக்குச் சரியான பதிலடி" என்று பட்டாசு வெடிக்கிற செய்தி. இன்னொன்று, "நம் வரிப்பணத்தில் அதிகாரிகள் வெளிநாட்டுக் கண்காட்சி சுற்றிப் பார்க்கப் போகிறார்கள், இந்த வாரியங்களை எல்லாம் இழுத்து மூடு" என்கிற செய்தி. இரண்டுக்கும் கட்டைவிரல் தூக்கியவர்களில் என்னிடம் பொருளியல் படித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்றுமதியை வளர்க்கிற அமைப்புகளுக்கு அரசு பணம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் இப்போது கொடுக்கிற விதம், தண்ணீர் லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, பெரிய டிரம் வைத்திருப்பவனை முதலில் பிடிக்கச் சொல்வது மாதிரி இருக்கிறது. குடத்தோடு நிற்பவள் கடைசி. லாரியே வேண்டாம் என்பவனும் தவறு, லாரி வந்துவிட்டது என்று கைதட்டுகிறவனும் தவறு.

முதலில் கணக்கு.

2025 நவம்பர் 12 அன்று மத்திய அமைச்சரவை ஏற்றுமதி மேம்பாட்டு இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 25,060 கோடி ரூபாய். ஆனால் இது ஒரே ஆண்டுக்கான தொகை அல்ல. 2025-26 முதல் 2030-31 வரை ஆறு நிதியாண்டுகளுக்கு. வகுத்துப் பாருங்கள், ஆண்டுக்குச் சுமார் 4,177 கோடி. 2024-25இல் இந்தியா ஏற்றுமதி செய்த சரக்கின் மதிப்பு சுமார் 437 பில்லியன் டாலர், அதாவது ஏறக்குறைய 37 லட்சம் கோடி ரூபாய். ஆக, 100 ரூபாய்ச் சரக்கு ஏற்றுமதிக்கு அரசு இந்த வழியில் செலவிடப் போவது சுமார் 11 பைசா. இதில் நாடு திவாலாகப் போவதும் இல்லை, இதனால் மட்டும் நாடு வல்லரசாகப் போவதும் இல்லை. 11 பைசா யார் கைக்குப் போகிறது என்பதுதான் கேள்வி.

இனி "இழுத்து மூடு" என்கிற தம்பிகளுக்கு.

நம் கரையிலிருந்தே ஓர் உதாரணம். 2025 ஜனவரியில் சென்னையிலிருந்து கோவளம் வரைக்கும், அதற்குத் தெற்கேயும், பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்துக் கரை ஒதுங்கின. பலரும் படம் போட்டு வருத்தப்பட்டீர்கள். அந்த ஆமைகளுக்கும் ஏற்றுமதிக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? விசைப்படகின் இழுவலையில் ஆமை மாட்டினால் மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்துப்போகும். வலைக்குள் ஒரு கம்பிச் சட்டத்தைச் சாய்வாகப் பொருத்தினால் இறால் உள்ளே போகும், ஆமை மேலே உள்ள திறப்பு வழியாக வெளியேறிவிடும். இந்தக் கருவியோ இதற்கு இணையான பாதுகாப்போ இல்லாத நாடுகளின் கடல் இறாலை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா 1989இலேயே சட்டம் போட்டுவிட்டது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் சேர்ந்து உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 1998இல் தீர்ப்பு வந்தது. ஆமையைக் காப்பது சரி, நாட்டுக்கு நாடு பாரபட்சம் காட்டியதுதான் தவறு என்றார்கள். அமெரிக்கா தன் விதியைத் திருத்திக்கொண்டது. நாம் நம் வலையைத் திருத்திக்கொள்ளவில்லை. விளைவு, 2019இலிருந்து நம் கடலில் பிடிக்கிற இறாலுக்கு அமெரிக்கக் கதவு மூடிக் கிடக்கிறது. பண்ணையில் வளர்க்கும் இறால் மட்டும் போகிறது.

கோவளத்திலும் கொக்கிலமேட்டிலும் ஃபைபர் படகில் போகிறவர் இழுவலை போடுவதில்லை. ஆனால் அவரும் இந்தச் சிக்கலில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கதவைத் திறக்கிற வேலை யாருடையது? தனியார் ஏற்றுமதியாளருடையதா? அவர் பண்ணை இறாலை அனுப்பிவிட்டுப் போகிறார். தனி மீனவருடையதா? அவரால் வாஷிங்டனோடு பேச முடியுமா? கொச்சியில் இருக்கும் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது, இதற்காகத்தான் இருக்கிறது. அங்கேயே இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தோடு சேர்ந்து நம் வலைகளுக்கு ஏற்ற கருவியை உருவாக்கியதும் இந்த ஆணையம்தான். ஒரு கம்பிச் சட்டம் ஆமையையும் காப்பாற்றும், மீனவருக்குச் சந்தையையும் திறக்கும். இதைச் சந்தை தானாகச் செய்யாது. செய்யவில்லை என்பதற்கு இத்தனை ஆண்டுகளே சாட்சி.

அமெரிக்காவில் இருக்கும் என் மாணவர் ஒருவர் எழுதியிருந்தார், "சார், இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு அரசு கொடுக்கிற சலுகை, இங்கேயே எதிர்க்கிறார்கள்" என்று. உண்மைதான். 2015இல் அங்கே இதே வாதத்தைச் சொல்லி ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் அனுமதியையே காலாவதி ஆகவிட்டார்கள். ஐந்து மாதம் புதுக் கடன் கொடுக்க முடியாமல் கிடந்தது. அப்புறம் அதே நாடாளுமன்றம் டிசம்பரில் மறுபடியும் திறந்துவிட்டது. தம்பி, பெரிய கம்பெனிக்குப் போகிறது என்பது பங்கீட்டைப் பற்றிய புகார். பங்கீடு தவறு என்றால் பங்கீட்டை மாற்று. ரேஷன் கடையில் எடை குறைகிறது என்பதற்காகக் கடையை மூடச் சொல்வாயா?

ஜப்பான் 1958இலும் கொரியா 1962இலும் தங்கள் ஏற்றுமதி அமைப்புகளைத் தொடங்கின. அந்த இரண்டுக்கும் இன்று சென்னையில் அலுவலகம் இருக்கிறது. ஒசாகாவில் சின்னப் பட்டறை வைத்திருப்பவர் நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் பொருள் விற்க நினைத்தால், வழிகாட்ட அவருடைய நாட்டு ஆள் சென்னையில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். மாமல்லபுரத்துச் சிற்பி ஒசாகாவில் விற்க நினைத்தால் எந்தக் கதவைத் தட்டுவது? அடுத்த முறை ஐந்து ரதம் பார்க்கப் போகும்போது, அந்த வீதியில் உளிச்சத்தம் கேட்கிற எந்தக் கூடத்திலாவது நுழைந்து இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

இனி பட்டாசு வெடிக்கிறவர்களுக்கு.

ஏற்றுமதியாளர் வங்கியில் வாங்குகிற கடனுக்கு வட்டியில் ஒரு பகுதியை அரசு ஏற்றுக்கொள்கிற திட்டம் ஒன்று இருந்தது. அது 2024 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. 2025 பிப்ரவரி 1 அன்று பட்ஜெட்டில், அந்த ஆண்டுக்கு 2,250 கோடியில் புதிய இயக்கம் வரும் என்று அறிவித்தார்கள். ஆகஸ்ட் 7இல் அமெரிக்கா 25 சதவீத வரி போட்டது. ஆகஸ்ட் 27இல் இன்னொரு 25 சேர்ந்து 50 ஆனது. அமைச்சரவை ஒப்புதல் வந்தது நவம்பர் 12இல். பழைய குடையைப் பிடுங்கியது மார்கழியில், புதுக்குடைக்குக் கையெழுத்துப் போட்டது ஐப்பசியில். நடுவில் பெய்த மழையில் நனைந்தவர் யார்? பெரிய நிறுவனத்துக்குக் கையிருப்பு உண்டு, வேறு நாட்டுச் சந்தை உண்டு. நாலு பேரை வைத்துக் கூடம் நடத்துகிறவருக்கு என்ன உண்டு?

தபாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாவுக்கல்லில் கையகலப் பிள்ளையார், யானை, கடற்கரைக் கோயில் உருவம் செய்கிறவர்களுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் இருவராவது இருப்பார்கள். சுற்றுலா வந்தபோது வாங்கிப்போய், பிறகு இன்னொன்று அனுப்பச் சொல்கிறவர்கள். 800 டாலருக்குள் இருந்தால் அமெரிக்காவில் சுங்கவரி இல்லை என்ற வசதி 2025 ஆகஸ்ட் 29 முதல் நின்றது. அதற்கு நாலு நாள் முன்பே நம் தபால்துறை அமெரிக்காவுக்குப் பார்சல் வாங்குவதை நிறுத்தியது. மறுபடி தொடங்கியது அக்டோபர் 15இல். ஏழு வாரம். அந்த ஏழு வாரத்தில் மாமல்லபுரத்தில் கூடம் வைத்திருப்பவர்களை யாராவது கூப்பிட்டு, "இப்படி ஆகிவிட்டது, இனி இப்படி அனுப்புங்கள்" என்று தமிழில் ஒரு துண்டுச் சீட்டாவது கொடுத்திருந்தால் அதுதான் ஏற்றுமதி மேம்பாடு. என் மாணவர் ஒருவருக்கு விஷயம் தெரிந்ததே, பெட்டியைக் கட்டிக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போய்த் திரும்பி வந்த பிறகுதான்.

புதிய இயக்கத்தின் அரசு அறிவிப்பை எடுத்துப் படியுங்கள். உலக அளவிலான வரி உயர்வால் அடிபட்ட துறைகளுக்கு முன்னுரிமை என்கிறார்கள். எவை எவை? ஜவுளி, தோல், நகை, பொறியியல் பொருட்கள், கடல்பொருட்கள். ஐந்தின் பெயர் இருக்கிறது. கைவினைக்குப் பெயர் இல்லை. "போன்றவை" என்ற சொல்லுக்குள் அடக்கம் என்று சொல்வார்கள். முப்பது வருஷம் வினாத்தாள் திருத்தியவன் நான். "போன்றவை" என்று எழுதினால் அந்தப் பையனுக்கு மீதி தெரியாது என்று அர்த்தம்.

பெயர் இல்லாவிட்டால் என்ன என்று கேட்காதீர்கள். இந்தத் தொழிலில் பெயர்தான் பணம். சிற்பம் என்பது சுங்கத்துக்கு ஒரே பொருள் அல்ல. 6802 என்ற எண்ணில் போனால் அது செதுக்கிய கல். 9703 என்ற எண்ணில் போனால் அது அசல் கலைப்படைப்பு. 2025இன் அமெரிக்க அவசரகால வரி உத்தரவுகளில் கலைப்படைப்புக்கு விலக்கு இருந்தது. ஆக, ஒரே அம்மன் சிலை, அப்போது ஒரு பெயரில் போனால் பாதி விலைக்குச் சமமாக வரி இருந்தது, இன்னொரு பெயரில் போனால் அந்த வரி இல்லை. ஆனால் 9703க்கு ஒரு குறிப்பு உண்டு. கலைஞரே செய்திருந்தாலும், வணிக நோக்கில் செய்யப்படும் வழக்கமான கைவினைப் பொருள் என்றால் அதில் சேராது.

இப்போது சொல்லுங்கள். சிற்ப சாஸ்திர அளவுப்படி ஒரு ஸ்தபதி மாதக்கணக்கில் உட்கார்ந்து வடித்த ஒற்றைச் சிலை வழக்கமான கைவினையா, அசல் கலையா? 1926இல் பிரான்குசி என்ற சிற்பியின் வெண்கலப் பறவை நியூயார்க் வந்தபோது, இது சிலையே இல்லை, உலோகச் சாமான் என்று சொல்லி 40 சதவீத வரி கேட்டார்கள். வழக்கு நடந்தது. 1928இல், இது கலைதான், வரி இல்லை என்று தீர்ப்பு வந்தது. அந்தச் சிற்பிக்குப் பின்னால் நின்று வழக்காட ஆள் இருந்தது. நம் ஸ்தபதிக்கு யார்? செய்தவர் பெயர், கையொப்பம், ஒற்றைப் படைப்பு என்ற சான்று, படங்கள், எந்தக் குறியீட்டில் அனுப்பலாம் என்ற ஆலோசனை, மறுத்தால் வாதாட ஒரு வழக்கறிஞர். எல்லாச் சிலையும் இதில் தேறாது. தேறக்கூடியதைத் தேற்றிக் கொடுக்கக்கூட ஆள் இல்லை என்பதுதான் என் புகார்.

மாமல்லபுரம் ஒன்றும் பெயர் தெரியாத ஊர் அல்ல. 1984இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது. குமரிமுனையில் 2000 ஜனவரி 1 அன்று திறந்த 133 அடி வள்ளுவரை வடிவமைத்த கணபதி ஸ்தபதி அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். ஹவாய்த் தீவில் எழும்பிய கருங்கல் சிவன் கோயிலின் வடிவமைப்பும் அவருடையதே. 2017இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சான்றிதழ்களுக்குக் குறைவே இல்லை. சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், அடுப்பில் வைத்துச் சோறு பொங்க முடியுமா?

வர்த்தகம் பேசப் பெரியவர்கள் வராத ஊரும் அல்ல. 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் நம் பிரதமரும் சீன அதிபரும் இங்கே வந்தார்கள். அர்ச்சுனன் தபசு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஊரைப் பெருக்கி, சுவருக்கு வண்ணம் அடித்து, வாழைத்தோரணம் கட்டினோம். வர்த்தகப் பற்றாக்குறையைச் சரிசெய்ய உயர்மட்டப் பேச்சு அமைப்பு ஒன்றை ஏற்படுத்துவதாக அறிவித்தார்கள். 2019-20இல் சீனாவோடு நம் பற்றாக்குறை சுமார் 48 பில்லியன் டாலர். 2024-25இல் சுமார் 99 பில்லியன். இரண்டு மடங்கு! எல்லை மோதல், கொரோனா என்று காரணங்கள் உண்டு, மறுக்கவில்லை. உச்சிமாநாட்டுக்கு வருகிற தலைவரின் பின்னணியில் சிற்பம் வேண்டும், வர்த்தகத் திட்டத்தின் பட்டியலில் மட்டும் சிற்பி வேண்டாம் என்றால் அது என்ன நியாயம்?

சரி, பணம் வந்தால்தான் எப்படி வருகிறது? இதுவரை இருந்த சந்தை உதவித் திட்டத்தில் கண்காட்சிக்குப் போகிறவர் முதலில் தன் கைப்பணத்தைப் போட வேண்டும். விமான டிக்கெட், அரங்க வாடகை எல்லாம். பிறகு ரசீது வைத்து விண்ணப்பித்தால் ஒரு பகுதி திரும்பி வரும். வட்டிக்கு வாங்கிப் போகிறவனுக்குத் திரும்பி வருகிற நாள்தான் முக்கியம். பணம் இருப்பவனுக்கு மட்டும் பணம் கொடுக்கிற ஏற்பாட்டுக்கு உதவி என்று பெயர் வைக்கக் கூடாது.

அதற்கும் முன்னால் ஏற்றுமதி உரிமை எண் வேண்டும். கட்டணம் 500 ரூபாய்தான். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் இணையத்தில் போய் விவரத்தை உறுதி செய்யாவிட்டால் எண் செயலிழந்துவிடும். அப்புறம் ஏற்றுமதிக் குழுவில் உறுப்பினராக வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். கைவினைக்கான குழு டெல்லியில். கல் வகைகளைக் கவனிக்கிற குழுவின் தலைமை கொல்கத்தாவில். கடல்பொருளுக்குக் கொச்சி. எல்லாம் ஆங்கிலத்தில். உளி பிடித்தவன் இதையெல்லாம் படித்து முடிப்பதற்குள் கல்லிலேயே புல் முளைத்துவிடும். அதனால் என்ன செய்கிறான்? இடைத்தரகரிடம் கொடுத்துவிடுகிறான். அவர் எண் வைத்திருக்கிறார், கண்காட்சிக்குப் போகிறார், உதவித்தொகையும் வாங்குகிறார். சிலையின் அடியில் செதுக்கியவன் பெயர் இருக்காது.

இது நம் கரைக்குப் புதிதல்ல. சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்கு உங்களில் பலர் சுற்றுலா போயிருப்பீர்கள். நம் நெசவாளிகளின் மெல்லிய பருத்தித் துணியைக் கப்பலேற்றிய கம்பெனி கட்டியது. கம்பெனியின் கணக்குப் புத்தகங்கள் ஹாலந்தில் பத்திரமாக இருக்கின்றன. கம்பெனி 1799இல் கலைந்து போனது. தறியில் உட்கார்ந்தவன் பெயர் எந்தக் கல்வெட்டில் இருக்கிறது?

திட்டினால் மட்டும் போதாது. என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும். நான்கு கோரிக்கைகள்.

ஒன்று. 25,060 கோடியில் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு, எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு என்று ஆண்டுதோறும் பெயரோடு வெளியிட வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போன பாட்டியின் பெயரும் கூலியும் இணையத்தில் இருந்தன. உதவித்தொகையில் பாரிஸ் போய் வருகிறவர் பெயர் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

இரண்டு. சிறியவர்களுக்கு முன்பணமாகக் கொடுக்க வேண்டும். கணக்கைப் பிறகு கேளுங்கள், கடுமையாகவே கேளுங்கள்.

மூன்று. வாரத்தில் ஒரு நாளாவது மாமல்லபுரத்தில், தமிழ் தெரிந்த ஓர் அலுவலர் உட்கார வேண்டும். உரிமை எண் எடுத்துத் தர, சுங்கக் குறியீடு சொல்ல, ஒப்பந்தம் படித்துக் காட்ட. இதற்குக் கோடிகள் வேண்டாம். ஒரு மேசை, ஒரு கணினி, பொறுமை உள்ள ஒரு மனிதர் போதும்.

நான்கு. கலெக்டர் தலைமையில் மாவட்ட ஏற்றுமதி மேம்பாட்டுக் குழு என்று ஒன்று உண்டு. மாவட்டங்களை ஏற்றுமதி மையமாக்குவோம் என்று 2019இலிருந்து சொல்லி அமைத்தது. செங்கல்பட்டு மாவட்டமும் அதே 2019 நவம்பரில்தான் பிறந்தது. இரண்டும் ஒரே வயதுப் பிள்ளைகள். அந்தக் குழுவில் ஒரு சிற்பியும் ஒரு மீனவரும் உட்கார வேண்டும், கூட்டத்தில் என்ன முடிவெடுத்தார்கள் என்பது தமிழில் வெளிவர வேண்டும்.

இனி உங்கள் பங்கு. ஆடிட்டராக இருக்கும் பிள்ளைகளே, வருஷத்துக்குப் பத்துச் சிற்பக் கூடங்களுக்கு உரிமை எண் எடுத்துக் கொடுங்கள், ஜூன் மாதம் மறக்காமல் உறுதி செய்து கொடுங்கள். சுங்கத்துறையில் ஓய்வு பெற்ற மாப்பிள்ளை ஒருவர் நம் குடும்பத்தில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஒன்றை ஒதுக்கி 6802க்கும் 9703க்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்களே, வீட்டுக்கோ கோயிலுக்கோ சிலை வாங்கும்போது செதுக்கியவர் பெயரைக் கேட்டு வாங்குங்கள். ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள். வக்கீல் பிள்ளைகள் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், நம் மாவட்டக் குழு எத்தனை முறை கூடியது என்று. பத்து ரூபாய் செலவு, அதை நானே தருகிறேன்.

அடுத்த பட்ஜெட் பிப்ரவரியில். அன்று தொலைக்காட்சியில் பெரிய பெரிய எண்கள் ஓடும். ஒவ்வொன்றையும் ஆண்டால் வகுத்து, ஆளால் வகுத்துப் பாருங்கள். வகுத்தல் கணக்கு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது பரீட்சைக்காக மட்டும் அல்ல.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், சண்டைக்கும் தயார். மதிப்பெண் குறைக்க மாட்டேன். ஆனால் எண்ணை எழுதினால் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள், "போன்றவை" மட்டும் வேண்டாம்.